நவம் அண்ணையின் நண்டுத் தொட்டி

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவில் இருக்கும் கடல் ‘கொஞ்ச தூரம்தான்’ என்று என்னிடம் சொன்ன ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் காலையில் நான் தின்ற அதே பொங்கலையும் அதே வடையையும் ஊட்டி, அதே கப்பலில் ஏற்றி அனுப்புவேன். பாதிக் கடலிலேயே பொங்கல் என்னிடமிருந்து விடைபெற்றுக்கொண்டது. பக்கத்து இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டி, “தேசிக்காயை மணந்து பாருங்கோ பிள்ளை, சத்தி நிக்கும்” என்றார். வாந்தியைத்தான் சொன்னார். ஐம்பது தாண்டிய என்னை ஒருவர் பிள்ளை என்று கூப்பிட்டதிலேயே பாதி மயக்கம் தெளிந்துவிட்டது.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்குள் கண்ணை விட்டுப் பிழைக்கிறவள் நான். அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டித் தருவார்கள். அது புற்றா இல்லையா, புற்றென்றால் எவ்வளவு பொல்லாதது என்று நான் எழுதித் தருவேன். சுகந்தி பல வருடம் அங்கே என்னோடு வேலை பார்த்தவள். சண்டைக் காலத்தில் குழந்தையாகப் படகில் வந்து, முகாமில் வளர்ந்து, எங்கள் ஊரிலேயே படித்தாள். ஊர் அடங்கியதும் திரும்பிப் போய் இப்போது யாழ்ப்பாணம் டவுனில் ஒரு சின்ன ஆய்வகத்தில் இருக்கிறாள்.

அவள்தான் போனில் அழைத்தாள். “அக்கா, நான் ஒரு விசர் வேலை பாத்துப்போட்டன்.” விசர் என்றால் கிறுக்கு.

அவளுடைய அண்ணன் நவரத்தினம் பருத்தித்துறைச் சந்தையில் மீன் கூறுகிறவர். ஏலம் போடுவதை அங்கே கூறுவது என்கிறார்கள். கன்னத்தின் உட்பக்கத்தில் புற்று வந்து வெட்டி எடுத்தாயிற்று. காயம் ஆறியதும் தாமதிக்காமல் கதிர் சிகிச்சை, அவர்கள் பேச்சில் ‘கறண்ட்’, தொடங்க வேண்டும். இடையில் ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்க, இந்த மேதை, “கட்டிக்குள்ளை ஒரு கலம் மற்றக் கலத்தை விழுங்குதாம் அண்ணை” என்று மொழிபெயர்த்திருக்கிறாள். செல்லுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் கலம் என்று பெயர்.

“அண்ணை கைதட்டிச் சிரிச்சவர் அக்கா. ‘அப்ப அது தன்னைத் தானே திண்டு முடிச்சிடும், எனக்கேன் கறண்ட்’ எண்டு சொல்லிப்போட்டு, ஆஸ்பத்திரி சொன்ன நாளிலை சந்தைக்குப் போயிட்டார். அவை தந்த அடுத்த திகதி வாற வியாழக்கிழமை. அதையும் விட்டால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“நான் சொன்னா மட்டும் கேட்பாரா?”

“வெளிநாட்டு டொக்டர் எண்டால் கேப்பார்.”

தஞ்சாவூர் மேலவீதியில் பிறந்தவளை வாழ்க்கையில் முதல் தடவை வெளிநாட்டு டாக்டர் என்றார்கள். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது. பெட்டியைக் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பருத்தித்துறையில் அந்த வீட்டு வாசலில் ஓட்டோ நின்றபோது நான் கசக்கிப் பிழிந்த துணி மாதிரி இருந்தேன். ஆனால் குசினியிலிருந்து வந்த மணத்துக்கு வயிறு உடனே எழுந்து உட்கார்ந்துகொண்டது. புட்டு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், தேங்காய்ப் பாலில் செய்த சொதி. நவம் அண்ணையின் மனைவி ராசமணி அக்கா பரிமாறினார். எங்கள் ஊரில் போதும் என்று கையை இலைக்குக் குறுக்கே வைத்தால் நிறுத்திவிடுவார்கள். இங்கே கையை நகர்த்திவிட்டு வைக்கிறார்கள். “எப்பன் தான், எப்பன் தான்” என்று மூன்று தடவை வைத்தார். எப்பன் என்றால் கொஞ்சமாம். அவருடைய எப்பனில் எங்கள் ஆய்வகத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம்.

நவம் அண்ணை நெடுநெடுவென்று உயரம். ஒரு பக்கக் கன்னம் உள்ளே போயிருந்தது, கழுத்தில் நீளமாகத் தையல். வாய் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் திறந்தது. சொதியில் குழைத்த புட்டைச் சின்னக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே பேசினார். அந்த இரண்டு விரல் வழியாக வந்த குரல் மட்டும் பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்.

“டொக்டர், நீங்கள் நண்டைச் சாக்கிலை போட்டுப் பாத்திருக்கிறியளோ?”

“குழம்பிலே போட்டுத்தான் பார்த்திருக்கேன் அண்ணே.”

“அப்ப கேளுங்கோ. காலைக் கட்டாமல் சாக்கிலை விட்டால் ஒண்டையொண்டு தின்னும். விடியப் பாத்தால் பாதிதான் கிடக்கும். இன்னும் ரெண்டு மூண்டு நாள் பட்டினி போட்டால் வெறும் சாக்கு. வெள்ளைக்காரன் இந்த வருத்தத்துக்கு கான்சர், நண்டு எண்டுதானே பேர் வைச்சவன்? அவன் விசரனோ?”

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். பொறுமை எனக்குக் கூடப்பிறந்ததில்லை, கடன் வாங்கிய சரக்கு. கட்டிக்குள்ளே கூட்டம் நெருக்கி, ரத்தம் எட்டாமல் போகும்போது ஒரு செல் பக்கத்துச் செல்லை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும் என்றேன். அதற்குப் பசி ஒரு பெரிய காரணம். விழுங்கப்பட்டதுதான் பெரும்பாலும் சாகும், விழுங்கினது தெம்பாகிவிடும். “நண்டு கொழுத்தா வளையிலே தங்காதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க அண்ணே. அதுதான் எனக்குப் பயம். கொழுத்தது வெளியே கிளம்பிடும்.”

“எங்கடை ஊரிலையும் தான் சொல்லுறவை. சொல்லுறதை விடுங்கோ, காட்டுங்கோ.”

ராசமணி அக்கா கரண்டியோடு குசினி வாசலில் நின்றபடி கேட்டார். “பசியிலைதான் தின்னுதோ டொக்டர்?”

“பெரும்பாலும்.”

“வயிறு நிறைஞ்சிருந்தால்?”

“எதுக்குத் தின்னப்போகுது?”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய் எனக்கு இன்னும் எப்பன் புட்டுக் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தியின் ஆய்வகத்துக்கு விடுமுறை. அனுமதி வாங்கி வைத்திருந்தாள், அண்ணையும் கூட வந்தார். கண்ணாடித் துண்டுகளைப் போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் நான் யாரோடும் பேசமாட்டேன், சுகந்திக்கு அது தெரியும். வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருந்தன. நல்ல விஷயம். கழுத்தில் எடுத்த ஒரு நிணநீர் முடிச்சில் நோய் எட்டிப்பார்த்திருந்தது. அது நல்ல விஷயமில்லை. அதனால்தான் கதிர் சிகிச்சை. பிறகு அங்கங்கே அந்த விழுங்கல் காட்சி. ஒரு பெரிய செல், அதன் வயிற்றுக்குள் உருண்டையாக இன்னொரு செல். விழுங்கினதன் கரு பிறை மாதிரி வளைந்து ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இதில் ஒரு கிறுக்கு. பொல்லாத காட்சி என்று மூளைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது, அது பாட்டுக்கு ரசிக்கும்.

“நானும் பாக்கலாமோ?” என்றார் நவம் அண்ணை.

தன் சொந்தக் கட்டியைத் தானே பார்த்த நோயாளியை நான் அதுவரை கண்டதில்லை. உயரமான மனுஷர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு மேசையில் தட்டினார். “இஞ்சை வா சுகந்தி, முழுசா விழுங்கிப்போட்டுது. கடவுளே, என்ன வடிவா விழுங்கியிருக்கு.”

“அண்ணை, உது உங்கடை வாய்க்குள்ளை இருந்தது.”

“அதுக்காக வடிவை வடிவு எண்டு சொல்லக்கூடாதோ?”

எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போய்விட்டது. அதனால் உள்ளதைச் சொன்னேன். வாய்ப் புற்றில் இந்தக் காட்சி நிறைய இருந்தால் நோய் கொஞ்சம் முரட்டு வகை என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சில புற்றுகளில் நேர்மாறாக, இது நல்லதுக்கு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டுச் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னவர் உலகத்தில் ஒருவர் கூட இல்லை.

“படிச்ச உங்களுக்குள்ளையே சண்டை,” என்றார் அவர். “நான் எப்பிடி நம்புறது? ஒண்டு செய்வம். நண்டு வாங்குவம். தொட்டியிலை விடுவம், காலும் கட்டாமல், தீனும் போடாமல். வியாழன் காலமை திறந்து பாப்பம். குறைஞ்சிருந்தால் நான் சொன்னது சரி, நான் போகன். குறையாமல் இருந்தால் நீங்கள் சொல்லுற இடத்துக்கு வாறன்.”

நண்டு வேறு, செல் வேறு என்று நான் வாதாடியிருக்கலாம். மாட்டேன் என்று எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வேறு எதற்கும் அவர் அசைகிற ஆளாகத் தெரியவில்லை. சரி என்றுவிட்டேன். முப்பது வருடப் படிப்பை ஒரு தொட்டி நண்டிடம் அடகு வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கொழும்புத்துறையில் கரையோரமாக விற்றவரிடம் ஏழு சேற்று நண்டு வாங்கினோம். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடப் பெரிது, கொடுக்கைக் கயிற்றால் கட்டியிருந்தது. நவம் அண்ணை அங்கேயே உட்கார்ந்து ஏழின் கட்டையும் அவிழ்த்தார். “கட்டு இருந்தால் பரிசோதனை பிழை.” விற்றவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்கடை விரல், உங்கடை விருப்பம்” என்றார்.

பருத்தித்துறை பஸ்ஸில் சாக்கு அவர் கால்களுக்கு நடுவில் இருந்தது. எனக்கு ஜன்னலோர இருக்கை. சுகந்தி வாங்கித் தந்த மீன் றோல்ஸைத் தின்றுகொண்டு, நம்ம ஊர் பஸ்ஸில் இந்த நேரம் எத்தனை குத்துப் பாட்டு போட்டிருப்பான், இங்கே சாமி பாட்டு ஓடுகிறதே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். நெல்லியடிக்குக் கிட்ட டிரைவர் ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டார். சாக்கின் பழைய தையல் விட்டுப்போனது.

முதலில் ஓர் அம்மா கத்தினார். அடுத்த நொடி பஸ்ஸில் ஒருத்தர் காலும் தரையில் இல்லை. வெள்ளை வேட்டி கட்டி, குடையும் கையுமாக அதுவரை கம்பீரமாக இருந்த ஒருவர் இருக்கை மேல் ஏறி நின்று முருகா முருகா என்றார். நான் றோல்ஸை விடாமல் காலை மட்டும் தூக்கிக்கொண்டேன். ஆறு நண்டைச் சுகந்தியும் அண்ணையும் அமுக்கிவிட்டார்கள். ஏழாவது நிதானமாக நடந்து போய்க் கண்டக்டரின் காசுப் பையின் வாரைக் கவ்விக்கொண்டது. அண்ணை பிடித்து இழுத்ததில் நண்டு வந்தது, அதன் கால் ஒன்று பையோடு நின்றுவிட்டது.

“உது ஆரின்ரை நண்டு?” என்று கண்டக்டர் கேட்டார்.

“இந்தியாவிலை இருந்து வந்த டொக்டரின்ரை,” என்றாள் சுகந்தி, கொஞ்சமும் கூச்சமில்லாமல். பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது.

“அப்ப டொக்டர் இன்னும் ஏழு ரிக்கெட் எடுக்கவேணும்” என்றார் அவர். இருக்கை மேல் நின்றவர் இறங்கி உட்கார்ந்து சிரிக்கத் தொடங்க, பிறகு ஊர் வரும்வரை யாரும் நிறுத்தவில்லை. எனக்குச் சிரித்து இடுப்பே வலித்தது.

வீட்டுக் கொல்லையில் இருந்த சிமெந்துத் தொட்டியில் முழங்கை ஆழத்துக்குக் கடல் தண்ணீர் விட்டு நண்டுகளை இறக்கினார்கள். சந்தைக் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்து, யாரும் கள்ளம் செய்யக்கூடாது என்று தொட்டி வாய்க்கு மீன் வலையைப் போட்டுச் சுற்றி முடிச்சு போட்டார்கள். திங்கட்கிழமைக்குள் செய்தி சந்தை முழுக்கப் பரவிவிட்டது. பந்தயம் வடை. பருத்தித்துறைத் தட்டை வடை தெரியுமோ இல்லையோ, அப்பளம் மாதிரி மெல்லிசாக, நொறுக்கென்று, காரமாக இருக்கும். தஞ்சாவூரில் அதன் பக்கத்தில் நிற்க ஒரு வடையும் இல்லை, இதை எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருவேன். ஒண்டு மிஞ்சும் என்று ஒரு கட்சி, மூண்டு மிஞ்சும் என்று ஒரு கட்சி, வெறும் தொட்டி என்று பெரிய கட்சி. ஏழும் மிஞ்சும் என்று கட்டினது நான் ஒருத்திதான், அதுவும் நம்பிக்கையால் இல்லை, வீம்பால்.

அன்று காலை அண்ணை என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். அவருக்குப் பதிலாக யோகன் என்று ஒருவர் கூறிக்கொண்டிருந்தார். நல்ல தொண்டை, ஆனால் அண்ணைக்கு முகம் கோணியது.

“உவன் கூறுறதைக் கேட்டால் மீனே செத்துப்போகும்.”

“அது ஏற்கெனவே செத்ததுதானே அண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. வரிசையாகக் கிடந்த பாரை மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். யோகன் ஒவ்வொரு விலை சொல்லும்போதும் அவருடைய உதடு சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். “கறண்ட் பிடிச்சால் குரல் போமோ டொக்டர்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நண்டெல்லாம் சும்மா. பயம் இங்கே இருக்கிறது.

பொய் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. “வாய் காயும் அண்ணே. புண் வரும், கொஞ்ச நாள் கஞ்சி கூட எரியும். குரல் கரகரத்துப் போகும், பெரும்பாலும் திரும்பி வந்துடும். எச்சில் பழையபடி முழுசா ஊறுமான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

“எச்சில் இல்லாமல் கூற ஏலாது.”

“பக்கத்திலே ஒரு போத்தல் தண்ணி வச்சுக்கிட்டு கூறலாமே.”

“அப்ப இன்னொண்டு. எனக்கு எவ்வளவு காலம்? அந்த விழுங்கல் எல்லாம் பாத்தனீங்கள்தானே. ஒரு கணக்குச் சொல்லுங்கோ.”

“தெரியாது.”

“சும்மா ஒரு கதைக்கு.”

“முதல்லே கேட்கிற விலைக்கே மீன் போயிடுமா அண்ணே?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “போகாது,” என்றார். “ஒருக்காலும் போகாது.” அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு ஒரு கோப்பை பால் விடாத பிளேன்ரீ வாங்கித் தந்தார், தானும் ஆறவைத்துக் குடித்தார்.

செவ்வாயும் புதனும் நான் சாப்பிட்ட கணக்கை இங்கே எழுதினால் என் வீட்டுக்காரர் படித்துவிடுவார். பண்டத்தரிப்பில் சுகந்தியின் மாமியார் வீட்டில் ஒரு மதியம், இடியப்பமும் இறால் குழம்பும், கடைசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். விருந்தாளி கண்ணை மூடித் தூங்கிவிட்டாள் என்று எனக்குத் தலையணை வேறு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எழுந்ததும் நெஞ்சுக்குள் நண்டு. ஒன்று செத்தாலும் அவர் போகமாட்டார். நானோ சாமி கும்பிடுவதில் சோம்பேறி. வல்லிபுரக் கோயில் பக்கம் போனபோது நண்டுக்காக வேண்டிக்கொண்டேன், பெருமாள் குழம்பியிருப்பார். காலையில் அண்ணை சந்தைக்குப் போனதும் தொட்டியை எட்டிப்பார்க்கலாம் என்று போவேன். ராசமணி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே வந்து நிற்பார். “அங்காலை போகாதையுங்கோ டொக்டர், பாசி, வழுக்கி விழுந்திடுவியள். வாங்கோ, பாண் சூடா இருக்கு.” பாண் என்றால், அதாவது சுடச்சுட ரொட்டி என்றால், நான் எங்கும் போகமாட்டேன் என்று அந்த அம்மாளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை கொல்லையில் நிற்க இடமில்லை. சந்தையே வந்திருந்தது. யோகன் வந்திருந்தார். நான் சுகந்தியின் கையை நசுக்கிக்கொண்டு நின்றேன். முடிச்சு போட்டவர்களே முடிச்சை அவிழ்த்தார்கள். அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நீளக் குச்சியால் தொட்டியைக் கிளறி, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கூட்டம் சேர்ந்து எண்ணியது. ஒண்டு. ரெண்டு. நாலாவது வந்ததும் மூண்டு மிஞ்சும் என்ற கட்சியின் முகமும் விழுந்தது. ஆறு. அண்ணை குனிந்து கடைசி மூலையில் கையை விட்டார். ஒரு கால் இல்லாத பஸ் நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு உயிரோடு வந்தது.

“ஏழு,” என்றார் அண்ணை.

வடைகள் அத்தனையும் எனக்குத்தான் என்ற நினைப்பு கூட எனக்கு அப்போது வரவில்லை. அவர் குச்சியைத் தொட்டியோரம் சாத்தி வைத்தார்.

“ஒண்டும் குறையேல்லை. தானா முடியாதுபோலை கிடக்கு.” பிறகு குசினிப் பக்கம் திரும்பினார். “ராசமணி, என்ரை வெள்ளைச் சேட்டும் வேட்டியும் எடு. ஆஸ்பத்திரிக்கு நேரமாகுது.”

சுகந்தி அழுதுவிட்டாள். எனக்கும்தான், ஆனால் நான் மூத்தவள் என்பதால் மூக்கைச் சிந்திக்கொண்டு சமாளித்தேன்.

ஆஸ்பத்திரியில் அன்று சிகிச்சை தொடங்கவில்லை. முகத்துக்கு அளவெடுத்து ஒரு மூடி செய்வார்கள். வெந்நீரில் இளக்கின பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்திப் பிடித்தால் அந்த முக வடிவத்திலேயே இறுகிவிடும். தினமும் அதைப் போட்டுத் தலை அசையாமல் படுக்க வைத்துத்தான் கதிர் பாய்ச்சுவார்கள். அண்ணை உள்ளே போனார். வெளியே பெஞ்சில் நானும் ராசமணி அக்காவும். சுகந்தி ஏதோ கேட்க அலுவலகத்துக்குப் போயிருந்தாள்.

“டொக்டர், உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். பாவமோ தெரியாது.”

“சொல்லுங்க அக்கா.”

“நான் நண்டுக்குத் தீன் போட்டனான்.”

எனக்கு ஒரு நிமிடம் ஏறவில்லை.

“நீங்கள் தானே சொன்னனீங்கள், வயிறு நிறைஞ்சால் தின்னாது எண்டு. இவர் சந்தைக்குப் போனாப் பிறகு ஒவ்வொரு காலமையும் சூடை மீனை நறுக்கி வலைக் கண்ணுக்குள்ளாலை போட்டனான். இல்லாட்டில் அதுகள் திண்டு முடிச்சிருக்கும். நான் இந்த ஊரிலை பிறந்தனான், எனக்குத் தெரியாதோ நண்டின்ரை குணம். அவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ.”

பாண் கொடுத்து என்னைத் திருப்பி அனுப்பின காலைகள் எல்லாம் கண்முன் வந்தன. சிரிப்பு பீறிட்டு வந்தது, ஆஸ்பத்திரி என்பதால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல கள்ளத்தனத்தைப் பார்த்ததில்லை என்று சொன்னேன். அவர் அதற்கும் அழுதார்.

கதவு திறந்து அண்ணை வெளியே வந்தார். நெற்றி, மூக்கு, கன்னம் முழுக்க வலைக் கண் வலைக் கண்ணாகச் சிவப்புத் தடம்.

“பாத்தியே ராசமணி,” என்றார். “இவ்வளவு காலமும் நான் மீனைக் கூறினன். இண்டைக்கு என்னை வலையிலை பிடிச்சுப்போட்டினம்.”

வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் வர முடியாதென்று சனிக்கிழமை மதியம் கூழ் காய்ச்சினார்கள். மறுநாள் எனக்குக் கப்பல். ஒடியல் மாவு, அதாவது பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவு, அதில் மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, புளி, மிளகாய், எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஏழு நண்டு. கொல்லையில் பெரிய பானை, சுற்றிச் சந்தைக் கூட்டம், எல்லார் கையிலும் பனையோலையை மடித்துச் செய்த பிளா. அண்ணைக்கு மட்டும் மிளகாய் போடாமல் தனியாக வடிகட்டின கூழ். நான் மூன்றாவது பிளாவில் இருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ராசமணி அக்கா தூரத்தில் அகப்பையோடு நின்றார்.

“டொக்டர், அவளுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ,” என்றார் தணிந்த குரலில். “திங்கட்கிழமையே தொட்டித் தண்ணியிலை சூடைச் செதில் மிதந்தது.”

நான் குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

“மீன் கூறுறவனுக்குச் செதில் தெரியாதோ? கையும் களவுமாப் பிடிப்பம் எண்டு புதன்கிழமை சந்தையிலை இருந்து கெதியா வந்தன். வேலிக்கு அங்காலை நிண்டு பாக்கிறன். இவள் தொட்டிக்குப் பக்கத்திலை குந்தியிருந்து மீனை நறுக்கி நறுக்கிப் போட்டுக்கொண்டு நண்டோடை கதைக்கிறாள். ‘தின்னுங்கோ என்ரை ராசாக்கள், சண்டை பிடிக்காதையுங்கோ, வியாழன் மட்டும் தான்’ எண்டு. நான் அப்பிடியே திரும்பிப் போய்க் கடற்கரையிலை இருந்திட்டன்.” அவர் தன் பிளாவைக் கீழே வைத்தார். “அதைக் கேட்டாப் பிறகு நான் என்னெண்டு டொக்டர் போகாமல் விடுறது?”

இரண்டு பேர் ரகசியத்தையும் வைத்துக்கொண்டு, கூழின் காரத்தால் என்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பானையில் கடைசி நண்டு ஒன்று மிஞ்சியது. யாருக்கு என்று ராசமணி அக்கா கேட்டபோது அண்ணை எழுந்து நின்றார். கிட்டத்தட்ட இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர் கூறுவதைச் சந்தை கேட்டது. இரண்டு விரல் வாயிலிருந்து அந்தக் குரல் கொல்லை முழுக்க எழுந்தது. “ஒரு நண்டு, ஒரு நண்டு, கால் ஒண்டு இல்லாத பஸ் நண்டு, ஆர் கேக்கிறியள்?”

“ரெண்டு வடை,” என்றார் யோகன்.

“ரெண்டு வடை, ரெண்டு வடை, இந்த நண்டுக்கு ரெண்டு வடையோ?”

“பத்து வடை,” என்றேன் நான். ஜெயித்த வடை கொட்டிக் கிடந்தது.

“பத்து வடை, இந்தியா டொக்டர் பத்து வடை. வடிவாப் பாருங்கோ, சும்மா நண்டில்லை.” அவர் அகப்பையை வாங்கி நண்டைத் தூக்கிக் காட்டினார். யாரையும் பார்க்கவில்லை, ராசமணி அக்காவை மட்டும் பார்த்தார். “மூண்டு நாளும் காலமை காலமை நறுக்கின சூடை திண்ட நண்டு.”

ராசமணி அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நவம் அண்ணை அதற்கு மேல் யாரிடமும் விலை கேட்கவில்லை. நண்டைக் கொண்டுபோய் ராசமணி அக்காவின் பிளாவில் வைத்தார்.